துப்பாக்கியைக் கழற்றிக் கேமராவை ஏற்றியது: 1/48 ஸ்பிட்ஃபயர் மாற்று வேலை

பெட்டிக்குள் இருந்தது இரண்டாம் உலகப் போர்க் காலப் பிரிட்டிஷ் போர் விமானமான ஸ்பிட்ஃபயர் மார்க் 9-இன் பிளாஸ்டிக் மாடல், 1/48 அளவு. எனக்கு வேண்டியதோ அதே காலத்தில் ஒரு துப்பாக்கிகூட இல்லாமல், கேமராவை மட்டும் சுமந்து பறந்த உளவுப் புகைப்பட வகையான பிஆர் மார்க் 11. இரண்டுக்கும் உடம்பு ஒன்றுதான், நீலம் அடித்தால் வேலை முடிந்தது என்று பலரும் நினைப்பார்கள். அப்படி அடித்தால் நீல நிற மார்க் 9 தான் கிடைக்கும். அந்த விமானத்தைத் தெரிந்தவர் கண்ணுக்கு அது உடனே உறுத்தும். எனக்கே உறுத்தும், அதுதான் பெரிய விஷயம்.

எனவே ஒரு ரெசின் (அச்சில் ஊற்றி இறுகவைத்த பிசின்) மாற்று செட், வேறு சில ஆஃப்டர்மார்க்கெட் உதிரிகள் (கிட்டுக்கு மேல் தனியாக விற்பவை), எடுவார்ட் நிறுவனம் 2013-இல் கொண்டுவந்த மார்க் 9 கிட், அதாவது ஒட்டிச் சேர்க்கும் பாகங்களின் பெட்டி ஆகியவற்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மாலை நேரங்களில் மட்டும் செய்ததால் நான்கு மாதம் ஆனது. அதில் எதையாவது ஒட்டியது கொஞ்ச நேரம்தான். மிச்ச நேரமெல்லாம் கிட்டில் இருந்ததை வெட்டியது, அடைத்தது, தேய்த்தது. இந்த விமானத்தைப் பொறுத்தவரை மாற்று வேலை என்பது பெரும்பாலும் கழித்தல். அதை முதலிலேயே புரிந்துகொண்டிருந்தால் இரண்டு உதிரிகளை வாங்கியே இருக்க மாட்டேன்.

உண்மையான விமானமும் இப்படித்தான் பிறந்தது. 1939 ஆகஸ்டில் மாரிஸ் லாங்பாட்டம் என்ற விமானப்படை அதிகாரி ஒரு குறிப்பு எழுதினார். உளவுப் புகைப்படம் எடுக்க மெதுவான குண்டுவீச்சு விமானம் வேண்டாம். ஸ்பிட்ஃபயரிலிருந்து துப்பாக்கி, வானொலி போன்ற எடையை எல்லாம் எடுத்துவிட்டு எரிபொருளையும் கேமராவையும் வையுங்கள், வேகமும் உயரமும்தான் அதற்குக் காவல் என்பது அதன் சாரம். ஆஸ்திரேலிய விமானி சிட்னி காட்டன் தலைமையில் ஹெஸ்டன் விமான தளத்தில் முதல் ஸ்பிட்ஃபயர்கள் அப்படி மாற்றப்பட்டன. துப்பாக்கித் துளைகளை மூடினார்கள், தகடுகளின் இடுக்குகளைப் பூசி அடைத்தார்கள், மேற்பரப்பை வழுவழுப்பாக மெருகேற்றினார்கள். 1939 நவம்பர் 18 அன்று லாங்பாட்டமே முதல் பறப்பையும் செய்தார். புட்டியும் உப்புத்தாளுமாக மேசையில் உட்கார்ந்திருந்த பல மாலைகளில் இதை நினைத்துக்கொண்டேன். அவர்கள் செய்த அதே வேலையை நாற்பத்தெட்டில் ஒரு பங்கு அளவில் செய்கிறேன் என்பது ஒரு உற்சாகம்.

சரி, எதெல்லாம் மாற வேண்டும்? விமானிக்கு முன்னால் இருக்கும் குண்டு துளைக்காத தட்டைக் கண்ணாடி போய், ஒரே துண்டாக வளைந்த மெல்லிய கண்ணாடி வர வேண்டும். நெடுந்தூரப் பறப்புக்குப் பெரிய மசகெண்ணெய்த் தொட்டி வைத்ததால் மூக்கின் அடிப்பகுதி, அதாவது தாடை, கூடுதலாகத் தொங்கும். இறக்கையில் துப்பாக்கி தொடர்பான எல்லாமே மறைய வேண்டும். துப்பாக்கி இருந்த முன்விளிம்பே எரிபொருள் தொட்டியாகிவிட்டது. ஒவ்வொரு இறக்கையிலும் சுமார் 66 காலன், அதாவது 300 லிட்டர். உடற்பகுதித் தொட்டியில் இருந்தது ஏறக்குறைய 85 காலன்தான். இறக்கைத் தொட்டிகள் வந்ததும் மொத்தக் கொள்ளளவு இரண்டரை மடங்கானது. விமானியின் இருக்கைக்குப் பின்னால், வயிற்றுப் பக்கம் இரண்டு கேமரா ஜன்னல்கள். பெரும்பாலான விமானங்களில் வால் சக்கரமும் உள்ளே மடங்கும்.

இந்தப் பட்டியலோடு நிறுத்திக்கொள்ளாமல், செய்யப்போகும் குறிப்பிட்ட விமானத்தின் பழைய படங்களைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டேன். மொத்தம் 471 பிஆர் மார்க் 11 கட்டப்பட்டன. எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை அல்ல. சுக்கான் கூரா உருண்டையா, பக்கவாட்டில் சாய்வுக் கேமராவுக்கு ஜன்னல் உண்டா இல்லையா என்பதெல்லாம் படத்தைப் பார்த்தால்தான் தெரியும். செட்டோடு வந்த விளக்கத்தாள் இவற்றைப் பற்றி வாயே திறக்கவில்லை.

வாங்கியது என்னென்ன? ரெசின் மாற்று செட்டில் தாடை, கேமராக்கள், ஜன்னல் வளையங்கள், வால் சக்கரம், வாக்யூம் ஃபார்ம் முறையில் இழுத்த முன்கண்ணாடி இரண்டு. தனியாக ரெசின் புகைபோக்கிகள், ரெசின் சக்கரங்கள், கருவிப் பலகைக்கு 3டி டெக்கால் (மேடு பள்ளத்தோடு அச்சிட்ட ஒட்டுப்படம்), போட்டோ எட்ச் (அமிலத்தால் அரித்து வெட்டிய மெல்லிய உலோகத் தகடு) இருக்கைப் பட்டைகள். இவை போக ஒரு ரெசின் காக்பிட்டும் பித்தளைத் துப்பாக்கிக் குழாய்களும் முன்பே ஒரு ஆர்வத்தில் வாங்கி வைத்திருந்தேன். குழாய்க்கு இந்த விமானத்தில் இடமே இல்லை. காக்பிட்டைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

எந்த உதிரி காசுக்குத் தகும், எது தகாது என்று முடிவு செய்ய எனக்கு ஒரே ஒரு அளவுகோல் உண்டு. கிட்டின் பிளாஸ்டிக் பாகங்கள் எஃகு அச்சில் வார்க்கப்படுகின்றன. அச்சு இரண்டாகப் பிரிந்து பாகம் நேராக வெளியே வர வேண்டும் என்பதால் உட்குழிவு வைக்க முடியாது, பக்கங்களுக்குச் சிறு சாய்வு வேண்டும், மிக மெல்லியதாகவும் வார்க்க முடியாது. ரெசினை வார்ப்பது சிலிக்கோன் ரப்பர் அச்சில். அது வளைந்து கொடுக்கும் என்பதால் உட்குழிவு ஒரு பொருட்டே இல்லை. ஆகவே புகைபோக்கியின் குழிந்த வாய், சக்கரத்தின் ஆரங்களுக்கிடையே உள்ள பள்ளம் போன்ற இடங்களில் ரெசின் கண்கூடாக ஜெயிக்கும். சாதாரணத் தட்டைப் பாகத்துக்குப் பதிலாக ரெசின் வாங்குவதில் ஒரு லாபமும் இல்லை. போட்டோ எட்ச் எதற்கு என்றால் மெல்லியதாக இருந்தே தீர வேண்டிய பட்டைக்கும் தகட்டுக்கும். உருண்டையான நெம்புகோலைத் தட்டை உலோகத்தில் வைப்பது சரிப்படாது. அப்படிக் கொடுத்தாலும் நான் தொடுவதில்லை.

இறக்கையில் தொடங்கினேன். கிட்டில் வருவது சி வகை இறக்கை. மேற்புறம் துப்பாக்கி அறைகளின் மூடிகள், பீரங்கியின் புடைப்பு, அடியில் காலித் தோட்டாக்கள் விழும் துளைகள், முன்விளிம்பில் குழாய்த் துளைகள். அவசரப்பட்டுப் புடைப்பைத் தேய்க்கப் போகக் கூடாது. புடைப்புக்கு அடியில் பிளாஸ்டிக் குழிந்து மெல்லியதாக இருக்கும். பாதி தேய்ப்பதற்குள் ஓட்டை விழுந்துவிடும். முதலில் உட்புறத்திலிருந்து இரண்டு பாக எபாக்ஸி புட்டியைப் பிசைந்து அப்பி, ஒரு நாள் இறுக விட்டேன். பிறகு உளிமுனைக் கத்தியால் புடைப்பைச் சீவி, 400 எண் உப்புத்தாளில் தொடங்கி 1000 வரை போனேன். எதிர்பார்த்தபடியே ஒரு இடத்தில் பிளாஸ்டிக் தீர்ந்து புட்டி தெரிந்தது, ஆனால் மேற்பரப்பு குழியவில்லை.

மூடிகளின் கோடுகளை அடைக்க சூப்பர் க்ளூவில் டால்க் பவுடர் கலந்து பயன்படுத்தினேன். டியூபில் வரும் சாதாரண புட்டி காயும்போது சுருங்கும். இன்று சமமாக இருப்பது இரண்டு வாரத்தில் மெல்லிய பள்ளமாகிவிடும். பெயின்ட் அடித்த பிறகு பேய்க்கோடு போல மேலே வரும். க்ளூ அப்படிச் சுருங்காது. ஆனால் அதற்கு ஒரு குணம் உண்டு: மறுநாள் வரை விட்டால் பிளாஸ்டிக்கை விடக் கடினமாகிவிடும். அப்போது தேய்த்தால் சுற்றியுள்ள பிளாஸ்டிக் தேய்ந்து க்ளூ மட்டும் மேடாக நிற்கும். போட்டு அரை மணிக்குள் தேய்த்துவிட வேண்டும். டால்க் சேர்ப்பதும் அதை இளக்கமாக்கத்தான்.

முன்விளிம்புத் துளைகளுக்குப் புட்டி வைக்கவில்லை. கிட்டின் ஸ்ப்ரூவையே, அதாவது பாகங்களைத் தாங்கி வரும் பிளாஸ்டிக் சட்டத்தையே, துளைக்கேற்ப இழுத்துச் சீவி, பிளாஸ்டிக் சிமென்ட் வைத்துச் செருகினேன். பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக் உருகிச் சேர்வதால் எல்லாம் ஒரே கடினத்தில் இருக்கும், தேய்ப்பது சுலபம். மூன்று நாள் அப்படியே விட்டேன், உருகிய பிளாஸ்டிக் முழுதாக இறுகும் வரை. அதன் பிறகு வந்தது எனக்குப் பிடித்த வேலை. துளையே இல்லாத ஒரு இடத்தில் முன்விளிம்பின் வளைவை அட்டையில் படியெடுத்து வெட்டி, அதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பார்த்து, அடைத்த இடங்களும் அதே வளைவுக்கு வரும்வரை தேய்த்தேன். கண்ணை நம்பினால் முன்விளிம்பு தட்டையாகிவிடும். அட்டையை வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் மயிரிழை இடைவெளியும் தெரியும். இறக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து இது சரியாக மூன்று மாலை பிடித்தது.

அடுத்து ரிவெட், அதாவது தகடுகளைப் பிணைக்கும் ஆணிகளின் தலைகள். இந்தக் கிட்டின் அழகே மேற்பரப்பு முழுக்கப் பதித்திருக்கும் நுண்ணிய ரிவெட் வரிசைகள்தான். அவற்றில் ஒரு பங்கை நானே அழிக்க வேண்டியிருந்தது. ஸ்பிட்ஃபயரின் முதன்மைச் சட்டம் இறக்கை அகலத்தின் முன்னாலிருந்து கால்பங்கில் ஓடுகிறது. அதற்கு முன்னால் உள்ள பகுதி காற்றைக் கிழிக்கும் பகுதி. தொழிற்சாலையிலேயே பூசி வழுவழுப்பாக்கப்பட்டது. புகைப்பட விமானங்களில் இந்த மெருகு இன்னும் முக்கியம். ஆகவே சட்டத்துக்கு முன்னால் உள்ள ரிவெட் மேல் கெட்டியான சர்ஃபேசர் பிரைமரைத் தூரிகையால் தடவி, காய்ந்ததும் தேய்த்து எடுத்தேன். சட்டத்துக்குப் பின்னால் உள்ளவற்றைத் தொடவில்லை. முன்பகுதி பளிங்கு போல, பின்பகுதி தையல் போட்டது போல. முடிந்த மாடலில் வெளிச்சம் சாய்வாக விழும்போது இந்த வித்தியாசம் தெரிகிறது. மொத்த வேலையில் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். கடைசியாக, வரைபடத்தில் காட்டிய இடத்தில் எரிபொருள் மூடியின் வட்டத்தை எட்ச் வார்ப்புருவைப் பிடித்து ஊசியால் கீறினேன். நாலைந்து முறை மெல்லச் சுற்ற வேண்டும். அழுத்தினால் ஊசி ஓடிவிடும்.

அப்புறம் ரெசின். முதல் வேலை கழுவுவது. அச்சிலிருந்து எளிதாக வர உட்புறம் தடவிய பொருள் ரெசின் மேல் படிந்திருக்கும். அதோடு பெயின்ட் அடித்தால் மாஸ்கிங் டேப்போடு உரிந்து வரும். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்து, அலசிக் காய வைத்தேன். கொதிக்கும் தண்ணீர் ஆகாது, மெல்லிய பாகங்கள் வளைந்துவிடும். இன்னொரு பக்கம், வளைந்து வந்த பாகத்தை நேராக்கவும் அதே சூடுதான் உதவுகிறது: சூடான தண்ணீரில் சில நொடி முக்கி, நேராகப் பிடித்து, குளிர்ந்த தண்ணீரில் போட்டால் நின்றுவிடும்.

வார்ப்புக் கட்டையை அறுக்கும்போதும் தேய்க்கும்போதும் வரும் தூள் மாவு போல நுண்ணியது, நுரையீரலுக்கு நல்லதல்ல. வடிகட்டி உள்ள முகக்கவசம் போட்டுக்கொண்டு, எல்லாவற்றையும் தண்ணீர் தொட்டே தேய்த்தேன். ஈரத்தில் தூள் பறக்காது. முடிந்ததும் மேசையை ஈரத் துணியால் துடைத்துவிட வேண்டும். இதில் மட்டும் சோம்பல் கூடவே கூடாது.

தாடைப் பாகத்தில்தான் சிக்கல் வந்தது. கட்டையை அறுத்து உடற்பகுதியில் ஒட்டாமல் வைத்துப் பார்த்தேன். நீளம் சரி, முன்வளையம் சரி, நடுவில் அகலம் போதவில்லை. வெர்னியர் வைத்து அளந்தால் 0.6 மி.மீ. குறைவு. ரெசின் இறுகும்போது கொஞ்சம் சுருங்குவது இயல்புதான். 0.6 என்பது சின்ன எண்ணாகத் தோன்றும், 48-ஆல் பெருக்கினால் அசல் விமானத்தில் கிட்டத்தட்ட 3 செ.மீ. படி. மூக்கின் பக்கவாட்டில் அப்படி ஒரு படி இருந்தால் வேறு எதுவும் கண்ணில் படாது.

மூன்று வழி இருந்தது. உடற்பகுதியை அழுத்தி ஒடுக்குவது முதலாவது. அப்படிச் செய்தால் மேல் கவுலிங் (எஞ்சின் மூடி) பொருந்தாது. இருபுறமும் புட்டி பூசி அகலமாக்குவது இரண்டாவது. அதில் பக்கவாட்டு விவரங்கள் எல்லாம் புதையும். மூன்றாவது, பாகத்தையே நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து நடுவில் துண்டு வைப்பது. கை நடுங்கினாலும் அதுதான் ஒழுங்கான வழி.

அறுப்பதற்கு முன் ஒரு கணக்குப் போட வேண்டும். ரம்பம் அறுக்கும்போது தன் தடிமனுக்கு ரெசினைத் தின்றுவிடும். அறுத்தெடுத்த வார்ப்புக் கட்டையிலேயே ஒரு சோதனை வெட்டுப் போட்டு அளந்தேன்: 0.25 மி.மீ. ஆக, எனக்கு வேண்டியது 0.6 அல்ல, 0.85. கையில் 0.75, 0.13 தடிமனில் பிளாஸ்டிக் தாள்கள் இருந்தன. இரண்டையும் சேர்த்து ஒட்டினால் 0.88, மிச்சம் 0.03 தேய்ப்பில் போய்விடும். நடுக்கோட்டின் இருபுறமும் கெட்டியான டேப்பை வரப்பு போல ஒட்டி, ரம்பத்தின் எடையே அறுக்கட்டும் என்று விட்டு, இருபது நிமிடம் மெல்ல இழுத்தேன். இரண்டு பாதிகளையும் கண்ணாடிப் பலகை மேல் வைத்து, நடுவே தாளைச் செருகி, நீர்த்த சூப்பர் க்ளூவை ஒரு சொட்டு விட்டதும் அது தானாகவே இடுக்கில் ஓடிப் பிடித்தது.

பொருந்திவிட்டது, ஆனால் இப்போது தாடையின் நடுவில் ஒரு பிளாஸ்டிக் கோடு. ரெசின் ஒரு கடினம், பிளாஸ்டிக் இன்னொன்று, க்ளூ மூன்றாவது. விரலில் உப்புத்தாளைச் சுற்றித் தேய்த்தால் மூன்றும் மூன்று உயரத்தில் நிற்கும். வளைவுக்கேற்ற கட்டியான மரத்துண்டில் தாளை ஒட்டிக் குறுக்காகத் தேய்த்தேன். அதன் மேல் பிரைமர், மறுபடி தேய்ப்பு, மறுபடி பிரைமர். நான்காவது சுற்றில் கோடு மறைந்தது. அதன்பின் உடற்பகுதியோடு ஒட்டும்போது இருபுறமும் நகம் வைத்துத் தடவிப் பார்த்தேன், எங்கும் தட்டவில்லை.

கேமரா ஜன்னல்களுக்கு உடற்பகுதியின் இரு பாதிகளையும் ஒட்டும் முன்பே துளை போட்டுவிட்டேன். இரண்டு கேமராக்களும் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும்; ஆனால் நேர் கீழே பார்க்காமல் ஒன்று சற்று இடப்பக்கமும் மற்றது சற்று வலப்பக்கமும் சாய்ந்திருக்கும். அதனால்தான் ஒரே பறப்பில் தரையின் அகலமான பட்டை பதிவாகும், நடுவில் இரண்டு படங்களும் கொஞ்சம் மேற்படியும். ஆகவே ஜன்னல்களும் நடுக்கோட்டில் வராது, ஆளுக்கொரு பக்கம் ஒதுங்கும். செட்டின் வார்ப்புருவை ஒட்டி 1 மி.மீ. துளையில் தொடங்கி, படிப்படியாகப் பெரிதாக்கி, கடைசி விளிம்பை உருண்டை அரத்தால் முடித்தேன். முதலிலேயே பெரிய டிரில்லை விட்டால் அது பிளாஸ்டிக்கைப் பிடித்து முறுக்கி நகர்ந்துவிடும். ரெசின் வளையத்தை உள்ளே ஒட்டி, பெயின்ட் வேலை எல்லாம் முடிந்த பிறகு தெளிவான தாளில் பஞ்ச் செய்த வட்டத்தை வைப்பது என்று திட்டம். கேமராக்களின் லென்ஸ் முகத்துக்கு கறுப்பு அடித்து, நடுவில் தெளிவான யூவி பசை ஒரு சொட்டு. மாடலைக் கவிழ்த்தால் அந்த லென்ஸ் மின்னுவது தெரியும். கவிழ்த்துப் பார்ப்பவர் எத்தனை பேர் என்பது வேறு கேள்வி, ஆனால் இந்த விமானம் பறந்ததே அந்த இரண்டு ஜன்னல்களுக்காகத்தான்.

காக்பிட்டை வேகமாகச் சொல்லிவிடலாம். வாங்கி வைத்திருந்த ரெசின் காக்பிட்டைப் பெட்டியிலேயே விட்டேன். கிட்டின் காக்பிட்டே போதுமான அளவு நன்றாக இருந்தது. ரெசின் சுவர்களைப் பொருத்த உடற்பகுதியின் உட்புறத்தைக் காகிதம் போலத் தேய்க்க வேண்டியிருந்தது. கருவிப் பலகைக்கு மட்டும் 3டி டெக்கால். கிட்டின் பலகையில் உள்ள மேடுகளைச் சீவி, மேட் கறுப்பு அடித்து, வெண்பசை தொட்டு ஒட்டினேன். டெக்கால் திரவம் மட்டும் போட்டால் அந்தத் தடித்த டெக்கால் ஓரத்தில் எழும்பும், வெண்பசைதான் நிலைக்கிறது. துப்பாக்கி இல்லாததால் குறிபார்க்கும் கருவியும் இல்லை. அதன் இடத்தில் கேமராவின் கட்டுப்பாட்டுப் பெட்டி இருந்தது. எத்தனை படம், எத்தனை நொடிக்கு ஒரு படம் என்பதை விமானி அதில்தான் வைப்பார். பழைய படத்தைப் பார்த்து, பிளாஸ்டிக் தாளில் ஒரு சின்னப் பெட்டி வெட்டி, ஸ்ப்ரூவைச் சூடுகாட்டி இழுத்த நூலால் குமிழ் வைத்தேன். இருக்கைப் பட்டைகளின் பித்தளையை மெழுகுவர்த்திச் சுடரில் ஒரு நொடி காட்டி ஆறவிட்டதும் துணி மாதிரி மடிந்தது. சூடு காட்டாவிட்டால் தகரம் போல விறைத்து நிற்கும்.

முன்கண்ணாடிக்கு வந்தேன். வாக்யூம் ஃபார்ம் கண்ணாடி என்பது அச்சின் மேல் சூடான மெல்லிய தாளை உறிஞ்சி இழுத்தது. வெட்டும் கோடு லேசாகத் தெரியும், மீதியை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு கொடுத்திருந்தார்கள், ஒன்று போனாலும் இன்னொன்று இருக்கட்டும் என்று. முதல் கண்ணாடியைக் கோட்டின் மேலேயே வெட்டினேன். வைத்துப் பார்த்தபோது கீழ் ஓரத்தில் நூலளவு குறைந்தது. பிளாஸ்டிக்கில் குறைந்தால் புட்டி வைக்கலாம், கண்ணாடியில் என்ன வைப்பது? ஒதுக்கி வைத்தேன்.

இரண்டாவதற்கு உட்புறம் முழுக்கக் குழந்தைகளின் விளையாட்டுக் களிமண்ணைத் திணித்தேன், வெட்டும்போது நசுங்காமல் இருக்க. புதிய பிளேடு, கோட்டுக்கு 1 மி.மீ. வெளியே, அழுத்தமே இல்லாமல் ஒரு கீறல். அதே கீறலில் மறுபடி, மறுபடி. எட்டு, பத்து முறை போனதும் தானாகவே விட்டது. அழுத்தி ஒரே வெட்டில் முடிக்கப் பார்த்தால் விரிசல் ஓடிவிடும். அந்த 1 மி.மீ. உபரியை, 600 எண் தாளைக் கண்ணாடிப் பலகையில் ஒட்டி ஈரம் தொட்டு அதன் மேல் கண்ணாடியை எட்டுப் போட்டுத் தேய்த்துக் குறைத்தேன். நாலு முறை தேய்ப்பு, ஒரு முறை வைத்துப் பார்ப்பு. உடற்பகுதியில் பழைய தட்டைக் கண்ணாடிக்காக விட்டிருந்த படியை முன்பே பிளாஸ்டிக் தாள் வைத்து நிரப்பி, முன்பக்க வளைவோடு சமமாக்கியிருந்தேன். இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு கண்ணாடி கீழே தொட்ட இடமெல்லாம் வெளிச்சம் புகாமல் உட்கார்ந்தது.

ஒட்டுவதற்கு சூப்பர் க்ளூவை எடுக்கவே கூடாது. அதன் ஆவி கண்ணாடியின் உட்புறத்தில் வெள்ளைப் புகை போலப் படியும். முதலில் கண்ணாடியைத் தெளிவான அக்ரிலிக் வார்னிஷில் முக்கி, ஓரத்தில் திசுத்தாளைத் தொட்டு அதிகப்படியை இழுத்து, தூசி விழாமல் ஒரு டப்பாவைக் கவிழ்த்து ஒரு நாள் வைத்தேன். முக்கினால் தெளிவும் கூடுகிறது. பிறகு வெண்பசை. அது காய நேரம் எடுக்கும் என்பதே நல்லது, நகர்த்திச் சரி செய்ய முடிகிறது. அடிச்சட்டத்துக்கு மாஸ்கிங் டேப்பை மெல்லிய கீற்றாக வெட்டி ஒட்டி, மேலே பெயின்ட் அடித்தேன். தடிமனான பிளாஸ்டிக் கண்ணாடி பட்டகம் மாதிரி உள்ளே இருப்பதை வளைத்துக் காட்டும். இதில் அப்படி ஒன்றும் இல்லை. உள்ளே இருக்கும் கேமராப் பெட்டி அப்படியே தெரிகிறது.

மற்றவை மளமளவென்று போயின. இறக்கைக்கும் உடலுக்கும் இடையே இடைவெளி வராமல் இருக்க, இறக்கைகளை ஒட்டி, நுனிகளுக்கு அடியில் ஒரே உயரத்தில் கட்டைகள் வைத்து, இறக்கையின் மேல்நோக்கிய சாய்வைக் காயும் வரை பிடித்து வைத்தேன். புகைபோக்கிகளை ஒட்டும் முன்பே துருப்பிடித்த பழுப்பு அடித்துத் தனியே வைத்தேன். ரெசின் சக்கரங்களின் அடி, எடையில் லேசாக அமுங்கியது போல் வார்க்கப்பட்டிருக்கிறது. தட்டைப் பகுதி சரியாகத் தரையில் படும்படி இரண்டையும் மாடலை நிற்க வைத்தே ஒட்டினேன். வால் சக்கரத்தின் கதவுகள் ரெசினில் தடிமனாக இருந்ததால் 0.13 தாளில் புதிதாக வெட்டிக்கொண்டேன்.

பெயின்டுக்கு முன் முழு மாடலுக்கும் சாம்பல் பிரைமர். நான்கு மாதம் மூன்று நான்கு விதப் பொருளில் பார்த்த விமானம் ஒரே நிறத்துக்கு வரும் அந்த நிமிடம் தனி. தவறுகளும் அப்போதுதான் வெளியே வரும். வலது இறக்கையின் அடியில் தோட்டாத் துளை ஒன்றின் விளிம்பு தெரிந்தது. இந்த விமானத்தில் இருக்கவே கூடாத கோடு அது. மறுபடி க்ளூ, மறுபடி தேய்ப்பு, மறுபடி பிரைமர். ஒரு வாரம் கூடியது, சரி.

உளவுப் புகைப்படப் பிரிவின் (பிஆர்யு) நிறமான பிஆர்யு நீலம் பெயருக்கு நீலமே தவிர அதில் சாம்பலும் கொஞ்சம் பச்சைச் சாயலும் உண்டு. மிக உயரத்தில் பறக்கும்போது வானத்தோடு கரைய வேண்டும் என்பதற்காக உருவானது. மேலே, கீழே, எல்லா இடமும் அதே ஒரு நிறம். ஒரே நிற விமானம் சுலபம் என்று தோன்றும், ஆனால் மாடலில் அது பிளாஸ்டிக் பொம்மை போல் ஆகிவிடும் ஆபத்து அதிகம். முதலில் பிரைமர் மேல் கறுப்பு, வெள்ளை, பழுப்பு என்று ஒழுங்கில்லாத திட்டுகளை ஏர்பிரஷ்ஷால் தெளித்தேன். அதன் மேல் நன்றாக நீர்த்த நீலத்தை ஐந்து மெல்லிய பூச்சாக, திட்டுகள் முழுதாக மறையும் முன் நிறுத்தினேன். கடைசிப் பூச்சில் சில சொட்டு வெள்ளை கலந்து இறக்கையின் மேற்புறம், முதுகு என்று வெயில் படும் இடங்களில் மட்டும் அடித்தேன். பேனல் கோடுகளில் கறுப்பு வாஷ் (கோடுகளுக்குள் ஓடவிடும் நீர்த்த பெயின்ட்) விடவில்லை. மெருகேற்றிப் பராமரித்த விமானத்தில் கறுத்த கோடு பொய்யாகத் தெரியும். அடிநிறத்தை விட ஒரு படி அடர்ந்த நீலச் சாம்பல் போதும். அழுக்கு வைத்ததெல்லாம் தாடைக்கு அடியில் மசகெண்ணெய் வழிந்த இடத்திலும், புகைபோக்கிக்குப் பின்னாலும், விமானி ஏறும் இறக்கை அடியிலும்தான்.

டெக்கால் சொற்பம். வெள்ளை வளையம் இல்லாத சிவப்பு, நீல வட்டங்கள் இறக்கை மேலும் உடற்பகுதியிலும், வாலில் சின்னப் பட்டை, வரிசை எண். போர் விமானத்துக்குரிய எச்சரிக்கை எழுத்துகளில் துப்பாக்கி தொடர்பானவற்றை எல்லாம் தாளிலேயே விட்டேன். முன்பகுதி ரிவெட்டை அழித்து வைத்திருந்த இடத்தில் டெக்கால் கண்ணாடி மேல் ஒட்டியது போல் உட்கார்ந்தது. பின்பகுதியில் இரண்டு முறை டெக்கால் திரவம் போட்டதும் ரிவெட் புள்ளிகளுக்குள் இறங்கியது. எல்லாவற்றுக்கும் மேல் பாதி மங்கல், பாதி மினுக்கம் உள்ள வார்னிஷ்.

எந்த விமானமாகச் செய்வது என்று யோசித்தபோது இஎன்409-ஐயும் நினைத்தேன். பிரிட்டிஷ் விமான ஆய்வு மையம் இருந்த ஃபார்ன்பரோவில் அதிவேகப் பாய்ச்சல் சோதனைகளுக்குப் பயன்பட்ட பிஆர் மார்க் 11 அது. 1944 ஏப்ரலில் ஸ்குவாட்ரன் லீடர் மார்ட்டின்டேல் ஓட்டியபோது, மூக்கைத் தாழ்த்திக் கீழே பாயும் வேகத்தில் புரொப்பெல்லரும் கியர் அமைப்பும் பிய்த்துக்கொண்டு போய்விட்டன. அவர் சுமார் 20 மைல் சறுக்கிப் பறந்தே வந்து தளத்தில் இறக்கினார். அந்த விமானம் புரொப்பெல்லர் இல்லாமல் நிற்கும் நிலையைச் செய்ய ஆசை இருக்கிறது. மூக்கு திறந்திருக்கும், உள்ளே உடைந்த தண்டு தெரிய வேண்டும், அதற்கு எந்த செட்டும் வராது, எல்லாம் கையால் செய்ய வேண்டும். ஒதுக்கி வைத்த முதல் கண்ணாடியை அதற்காக எறியாமல் வைத்திருக்கிறேன். கீழ் ஓரத்தில் குறைந்த அந்த நூலளவை உடற்பகுதியின் பக்கம் உயர்த்திச் சமாளிக்க முடியுமா என்று பழைய கிட்டின் உடைந்த உடல் ஒன்றில் இப்போது சோதித்துக்கொண்டிருக்கிறேன்.

முடிந்த விமானம் மேசையில் நிற்கிறது. கடைசியாக ஒட்டியது வயிற்றுப் பக்கத்துக் கேமரா ஜன்னல்களின் இரண்டு வட்டங்கள். ஒவ்வொன்றையும் பல் குச்சியின் நுனியில் மெழுகு தொட்டு எடுத்து, வளையத்தில் வைத்து, விளிம்பில் வெண்பசையை ஊசியால் ஓடவிட்டேன். இரவு முழுக்கக் கவிழ்த்தே வைத்திருந்து, காலையில் பசை தெளிந்ததும் நிமிர்த்தினேன்.